நாலாவது வரி

கை உயர்த்துவதற்கு முன்னால் சுகிர்தா பேனையை மேசையில் குறுக்கே வைப்பாள். அதைக் கண்டதும் பின்வரிசையில் நாங்கள் மணி பார்ப்போம். இனி இருபது நிமிடத்துக்கு யாரும் தேத்தண்ணீர் குடிக்கப் போக முடியாது.

"சேர், எங்க லயத்துல ரேடியோ நல்லா பாடுது. ஃபோனுக்கு மட்டும் சிக்னல் வர மாட்டேங்குது. ரெண்டும் அலைதானே? மல ஒண்ணுக்கு மட்டும் வழி விடுமா?"

றிஸ்வி சேர் பொறுமைசாலி. "நீட்டு அலை மலையச் சுத்தி வளையும் மகள். கட்ட அலை வளையிற கொறவு."

"நீட்டுன்னா எவ்வளவு சேர்? இந்த ரூமுக்குள்ள அடங்குமா?"

மூன்று மீட்டர் இருக்கும் என்றார். உடனே எழுந்து தரையின் டைல்களை எண்ணி நடந்தாள். பத்து டைல். கைபேசியின் அலைக்கு ஒரு சாண்கூடத் தேவைப்படவில்லை. பத்தாவது டைலில் நின்றபடி ஹுன்னஸ்கிரிய மலையையும் ஃபோன் கோபுரத்தையும் மனதுக்குள் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது.

வயது பத்தொன்பது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்து காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறுகிறாள். குண்டசாலையில் ஆட்கள் இறங்கினால் சீட்டில் இருக்கலாம் என்பது அவளுடைய தினசரி நம்பிக்கை. குண்டசாலையில் ஒருவரும் இறங்குவதில்லை, ஏறத்தான் செய்கிறார்கள். கண்டிவரை நின்றே வந்து, மூன்று மாடி ஏறி, முதல் வரிசையில் அமர்கிறாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் விழுந்தவர்களையும் சேர்க்கும் எலெக்ட்ரோனிக்ஸ் பாடநெறி இது. நான் இரண்டு முறை விழுந்தவன். அவள் விழவில்லை. உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்க அவளுடைய பாடசாலையில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு 'ஏன்சேர்' என்று பெயர் வைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு கெப்பாசிட்டரில் மின்னை ஏற்றி, கழற்றி, "இந்தா, கீழ கெடந்திச்சி" என்று நீட்டினேன். மின்கம்பியோடு தொடர்பே இல்லாவிட்டாலும் அது ஏற்றிய மின்னை வைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் கை உதறும். அதற்கு முன் இப்படி வாங்கியவர்கள் எல்லாரும் என் உம்மா வாப்பாவை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். சுகிர்தா கையை உதறினாள். விரலைப் பார்த்தாள்.

"ஷாமில், எத்தன வோல்ட்ல ஏத்துன?"

"நாப்பது."

"எத்தன மணிக்கு?"

கொப்பியில் குறித்துக்கொண்டு, பின்னேரம்வரை அரை மணிக்கொரு தடவை அதில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தாள். பகிடி விட்டவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ட்ரான்ஸ்ஃபோமர் பாடம் நடந்த அன்று சேருக்கே வியர்த்தது. இரண்டு கம்பிச் சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. முதல் சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான் காந்தப்புலம் மாறி அடுத்த சுருளில் மின் பிறக்கும். பெட்டரியின் ஓட்டம் மாறாது, ஆகவே ஒன்றும் பிறக்காது என்று சொல்லி முடித்தார்.

"பெட்டரிய கொழுவுற அந்த நேரம் மாறுமே சேர்? ஒண்ணுமில்லாம இருந்து திடீர்னு வருதே?"

சேர் ஒரு பெட்டரியை எடுத்து முதல் சுருளில் தொட வைத்தார். அடுத்த பக்கத்துச் சிறு விளக்கு ஒரே ஒரு தரம் கண் சிமிட்டி அணைந்தது.

"இவட தொல்லையால நானும் படிக்கிறன்" என்றார்.

இவ்வளவு கேட்பவள் போன வருடச் செய்முறைப் பரீட்சையில் தவறி, எங்களோடு திரும்பப் படிக்க வந்தவள். வெளியிலிருந்து வந்த பரீட்சகரிடம் கேள்வி கேட்டே நேரத்தைத் தின்றுவிட்டாள். இந்த வருடம் மின்தூக்கி பொருத்தும் கம்பனி ஒன்று வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. முப்பதாம் தேதிக்குள் சான்றிதழோடு வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பரீட்சைக்கு முதல் நாள் றிஸ்வி சேர் ஏறக்குறையக் கெஞ்சினார்: "மகள், நாளைக்கி நான் உள்ளுக்கு வர ஏலாது. வாயத் தொறக்காம செஞ்சிட்டு வாங்க. கேள்வியெல்லாம் நாளண்டைக்கி என்னிட்ட கேளுங்க."

"சரி சேர்" என்றாள்.

போன வருடம் வந்த அதே பரீட்சகர் வந்தார். தமிழ் தெரியாது. அவளைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். ஒரு தரம் பேசினால் எச்சரிக்கை, மறுதரம் பேசினால் வெளியே என்று சிங்களத்தில் எல்லாருக்கும் பொதுவாக, அவளைப் பார்த்தபடி சொன்னார். மீட்டர் எரிந்தால் அந்த இடத்திலேயே தோல்வி. வினாத்தாளில் ஒவ்வொரு வரியையும் செய்து, பக்கத்தில் சரி அடையாளம் போட்டுவிட்டே அடுத்த வரிக்குப் போகவேண்டும். வரி தாண்டினால் புள்ளி போகும்.

சிங்கள மொழியில் எட்டுப் பேர், தமிழில் நாங்கள் ஐந்து பேர். எங்கள் தாள் எங்கேயோ மொழிபெயர்க்கப்பட்டு வருவது. அதன் நாலாவது வரி, விளக்கில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க மீட்டரைப் பெட்டரியின் இரு முனைகளிலும் நேரே வைக்கச் சொன்னது.

மின்னோட்டம் அளக்கும் மீட்டர் தண்ணீர் மீட்டரைப் போல. குழாயின் நடுவே இருக்கவேண்டும். பெட்டரியின் இரு முனையிலும் நேரே வைத்தால் பெட்டரியின் முழு வெள்ளமும் மீட்டருக்குள் பாயும். இது எனக்கே தெரியும். ஆனால் அச்சடித்த தாளில் இருப்பதை மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் பழக்கமில்லை.

எங்கள் ஐவரில் ஒருவனான கிஷான் அதை அச்சுப் பிசகாமல் செய்தான். பொறி பறந்தது. மீட்டர் செத்தது.

"பேப்பர்ல அப்புடித்தான் சேர் போட்ருக்கு!"

'பேப்பர்' என்ற சொல் மட்டும் விளங்கிய பரீட்சகர், சிங்கள எட்டுப் பேரும் இதே தாளைத்தானே சரியாகச் செய்கிறார்கள் என்று கேட்டார். அவனுடைய தாளில் சிவப்பால் கோடு கீறி வெளியே அனுப்பினார்.

சுகிர்தா கை உயர்த்தினாள். "சேர், நாலாவது வரி..."

"இது முதலாவது எச்சரிக்கை" என்று அவர் ஒரு விரல் காட்டினார். கை இறங்கியது.

நான் அவளுக்கு நேர் பின்னால் இருந்தேன். அவளுடைய மீட்டர் விளக்கின் வழியில், சரியான இடத்தில், ஏற்கெனவே இருந்தது. விளக்கு எரிந்தது. மீட்டரில் நூற்று அறுபத்தெட்டு மில்லிஅம்பியர். அதை எழுதி, சரி அடையாளம் போட்டால் போதும். அவளுக்குச் சான்றிதழ், மின்தூக்கி, எல்லாம்.

வலப்பக்கத்து மேசையில் தமிழ்த் தாளை வைத்திருந்த நடாஷா மீட்டர் கம்பிகளைக் கையில் எடுத்திருந்தாள். தாளைப் பார்த்தாள், பெட்டரியைப் பார்த்தாள், உதட்டுக்குள் செபம் சொன்னாள். அவளைத் தடுக்க நான் ஒரு இருமல் இருமியிருக்கலாம். வருடம் முழுக்க வாய் மூடாத எனக்கு அந்த நேரம் இருமல்கூட வரவில்லை.

கதிரை பின்னால் நகரும் சத்தம். சுகிர்தா எழுந்து நின்றிருந்தாள், வாய் திறக்காமல். பரீட்சகர் வேகமாக வந்தார். எல்லாருடைய கையும் அப்படியே நின்றது.

அவர் பக்கத்தில் வந்து சேரும்வரை காத்திருந்து, தன் மீட்டரைக் கழற்றினாள். விளக்கு அணைந்தது. இடது கை ஆட்காட்டி விரலைத் தாளின் நாலாவது வரியில் ஊன்றினாள். வலது கையால் ஒரு கம்பியைப் பெட்டரியின் ஒரு முனையில் கொழுவினாள். மற்றக் கம்பியை எடுத்து அவர் நன்றாகப் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினாள். அதை மறு முனையில் வைத்தாள்.

பொறி. எரிந்த வாடை. நூற்று அறுபத்தெட்டு இருந்த இடத்தில் பூச்சியம்.

நடாஷாவின் கைகள் பெட்டரியை விட்டு எடுபட்டன. பரீட்சகர் சிவப்புப் பேனையைத் திறந்துகொண்டு சுகிர்தாவின் விரல் ஊன்றியிருந்த வரியைப் பார்த்தார். பக்கத்து மேசைச் சிங்களப் பையனின் மீட்டர் எங்கே கொழுவியிருக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் அவளுடைய விரலைப் பார்த்தார்.

சுகிர்தா மீட்டரைக் கவிழ்த்தாள். பின் மூடியின் ஆணியைத் திருகி, கருகிய ஃபியூஸை நகத்தால் கிளப்பி எடுத்தாள். அதை அந்த நாலாவது வரியின் மேல் வைத்து, தாளை இரண்டு கையாலும் அவர் பக்கம் தள்ளினாள்.