எல்லைக்கல் ஊன்றாத தேமல்

குரங்கணி மலைக்கிராமத்துக்கு மேலே என் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் அறைக்குள் சற்று நின்றாலே சட்டை தொப்பலாகிவிடும். எனக்கும் அப்படித்தான். இடது முன்கையில் வெளுத்திருந்த ஒரு தேமலில் மட்டும் பொட்டு வியர்வை இல்லை. ஏழெட்டு வருடத்துக்கு முந்தி, எழுபதுகளின் கடைசி அது. அழகுத்தேமல் என்று விட்டுவிட்டேன். அதே இடத்தில் உலர்த்தும் அடுப்பின் சூடான புகைக்குழாய் பட்டுக் கொப்புளம் கிளம்பியது. பட்டதே எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

மதுரையில் டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தேமலில் தொட்டபோது நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேனாம்.

“தொழுநோயோட ஆரம்பம். இன்டிடர்மினேட்னு சொல்வோம்” என்றார் (எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாத நிலை, தானே மறையலாம், முற்றவும் செய்யலாம்).

“அப்படின்னா என்ன அர்த்தம் சார்?”

“டெர்மினஸ்னா லத்தீன்ல எல்லைக்கல். அதுலேருந்து வந்த வார்த்தை. எல்லை குறிக்காததுன்னு வச்சுக்கங்க.”

விவசாயியிடம் போய் இதைச் சொன்னார், பாருங்கள்! கல் ஊன்றாத நிலத்தில் இரண்டு பக்கத்து மாடும் மேயும். எனக்கா தெரியாது?

இந்த நிலையில் வீட்டாருக்கு ஒட்டாது, ஒதுங்க வேண்டாம், டாப்சோன் (தொழுநோய்க்கு அப்போது தந்த மாத்திரை) மட்டும் விடாமல் போடுங்கள் என்றார். தலையாட்டினேன். நம்பவில்லை. தோட்டத்தில் சோலி என்று மனைவி பாண்டியம்மாளிடம் சொல்லிவிட்டு மலையேறிவிட்டேன். கீழே ராசிங்காபுரத்து வீட்டுக்கு எப்போதாவது போனாலும் தனித்தட்டு, தனிப்பாய். சின்ன மகள் செல்வி ஓடி வந்தால் எட்டி நின்றுகொள்வேன்.

வேலையாட்கள் இறங்கிப் போனதும் தோட்டத்தில் நானும் மழையும்தான். தேமலின் ஓரத்தைத் தடவித் தடவி, வளர்ந்ததா சுருங்கியதா என்று பார்ப்பேன். கரடியாய்க் கத்தினாலும் கேட்க ஆளில்லை. அழுதேன். இதைச் சொல்ல வெட்கமில்லை.

ஒருநாள் பாண்டியம்மாள் ஜீப்பில் குரங்கணிக்கு வந்து, மீதியை நடந்தே ஏறி வந்துவிட்டாள். மாத்திரைப் புட்டியைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன்.

“ஊரு ஒதுக்குச்சா?”

“இல்ல.”

“நான் ஒதுக்குனேனா?”

“இல்ல, பாண்டி.”

“பெறகு எந்த மகராசன் ஒங்கள இங்கிட்டு ஒதுக்கி வச்சது? கெளம்புங்க வெரசா, ஜீப்பு போயிரும்.”

வீட்டில் செல்வி தண்ணீர் கொண்டுவந்து, செம்பைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

“அப்பா கையில குடுடி” என்றாள் பாண்டியம்மாள்.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். “குடுக்கலாமாப்பா?”

கையை நீட்டினேன். வாங்கிக் குடித்தேன்.

மாத்திரை சில வருடம் ஓடியது. தேமல் மங்கியது, பஞ்சு பட்டால் தெரிந்தது. உணர்ச்சியில்லாத தேமல் உங்களுக்கும் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மலைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

செல்வி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். எதையும் என் கையில்தான் தருகிறாள். தரும் முன் ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடிக்கு இன்னும் மாத்திரை வரவில்லை.