நத்தை ஒழிந்த தொட்டி

மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘பொடுக்’கென்று ஒரு சத்தம் வரும், நத்தை மிளகளவுதான் இருக்கும், ஆனாலும் விரலில் ஏறும் கவிச்சி வாடை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்குப் பத்து வயதாக இருந்த வருடம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் என் வேலை.

தொட்டி அக்காவுக்காக வாங்கியது. சபீனா அக்காவுக்குத் தசை இளைத்துக்கொண்டே போகும் நோய். கால் போய், இடுப்பு போய், பதினைந்து வயதில் கட்டிலோடு கிடந்தாள். அத்தா அந்தத் தொட்டியைக் காரைக்குடியிலிருந்து கல்லல்வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அவள் கை எட்டும் உயரத்தில் வைத்துக் கொடுத்தார். தீனி டப்பா தலையணையோரம் இருக்கும். வேறு யாராவது தொட்டால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். “இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வேலைதேன்டி,” என்பாள்.

நீர்ச்செடியோடு வந்தவை இரண்டோ மூன்றோ நத்தைகள்தான். நான் எத்தனை நசுக்கினாலும், வெள்ளரித் துண்டைப் போட்டு அதில் மொய்ப்பவற்றை அள்ளி எறிந்தாலும், அவை பெருகிக்கொண்டே போயின. அத்தா மீன்கடைக்காரரிடம் கேட்டார். “தீனிய அள்ளிப் போடுறீக பாய், மிஞ்சினதத் தின்னுதேன் பெருகுது. குறைச்சுப் போடுங்க, தன்னால ஒழிஞ்சிரும்,” என்றார் அவர்.

அன்று மாலை அக்கா தீனி போடுவதைக் கவனித்தேன். சிட்டிகை எடுக்க அவள் விரல்கள் கூடவில்லை. டப்பாவைச் சாய்த்துக் கொட்டினாள். எத்தனை நாளாக அப்படியோ, யாரிடமும் சொல்லவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன், பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, “நத்தை ஒழியட்டும்மா, திரும்பத் தந்துர்றேன்,” என்று அக்காவிடம் சொன்னாள்.

கடைக்காரர் சொன்னது பலித்தது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகப் போட்டேன். அக்கா மட்டும் தினமும், “இன்னும் எத்தனடி இருக்கு?” என்று கேட்பாள். மூன்று மாதம் கழித்து, “ஒண்ணுகூட இல்லக்கா,” என்றேன்.

“அப்பக் குடு.”

டப்பாவை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடவே இல்லை. டப்பா உருண்டு தரையில் விழுந்து தீனி சிதறியது. அவள் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் தலைய அங்குட்டுத் திருப்பி விடுடி,” என்று சுவர்ப்பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். திருப்பி விட்டேன். அதன்பிறகு அவள் மீன்களைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதமும் நத்தைகள் இருந்துவிட்டுப் போயிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? நினைக்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. இப்போது தொட்டியும் இல்லை, கட்டிலும் இல்லை, அக்காவும் இல்லை. மீன் வளர்க்கும் யாராவது நத்தைக்கு வழி கேட்டால் தீனியைக் குறைக்கத்தான் நானும் சொல்கிறேன். தீனி போடுவது யார் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.