அண்ணாந்து குடித்த கண்டக்டர்

மாடம்பாக்கம் பக்தவச்சலம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதருக்குப் பெருமை என்று ஒன்றே ஒன்றுதான். ஓடுகிற பஸ்ஸில், கம்பியைக்கூடப் பிடிக்காமல், யார் கொடுத்த பாட்டிலானாலும் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பார். முப்பது வருஷத்தில் சட்டையில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. கல்யாண வீடுகளில் இந்த வித்தையைச் செய்தும் காட்டியிருக்கிறார், யாரும் கேட்காமலே.

போன தை மாதம் பக்கவாதம் வந்தது. கை கால் மீண்டுவிட்டது. தொண்டைதான் மக்கர் செய்தது. எதைக் குடித்தாலும் புரையேறி நெஞ்சுக்குள் போனது. மூக்கில் குழாய் மாட்டிவிட்டார்கள். மூன்று மாதமாகக் கஞ்சியும் டீயும் மூக்கு வழியாகத்தான். மனைவி தனம் டீ போடும் வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அழுவது யாருக்கும் தெரியக் கூடாதாம்.

குழாயை எடுக்கலாமா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை வைத்தார்கள். எக்ஸ்ரே மிஷின் முன்னால் உட்கார்ந்து, வெள்ளையாக ஒரு மருந்தை விழுங்க வேண்டும். அது இறங்குவதைப் படமெடுத்துக் கம்ப்யூட்டர் அலசும். உணவுக்குழாயில் போனால் திரையில் பச்சைக் கோடு. மூச்சுக்குழாயில் போனால் சிவப்பு.

முதல் மடக்கு, சிவப்பு. இருமித் தீர்த்துவிட்டு இரண்டாவது மடக்கு குடித்தார். அதுவும் சிவப்பு. இனி சாகிற வரை குழாய்தான் என்று நினைத்தார்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ஏஞ்சல் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். தப்பாகப் போனது என்று மட்டும்தான் கம்ப்யூட்டர் சொன்னது. தாடை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள்தான் கவனித்தாள்.

"சார், ஏன் அண்ணாந்து குடிக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரி டம்ளராச்சேம்மா. எச்சில் பண்ணா நல்லாவா கீது?"

"தலையத் தூக்கினா மூச்சுக்குழாய் திறந்துக்கும் சார். வாய் வெச்சு, தாடைய நெஞ்சுப் பக்கம் குனிச்சுக் குடிங்க."

"சின்னப் புள்ள மாரியா?"

"அதே மாதிரிதான் சார்."

முப்பது வருஷப் பெருமையை ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் வைத்து உறிஞ்சினார். பச்சை. நம்பாமல் இன்னொரு மடக்கு கேட்டு வாங்கிக் குடித்தார். அதுவும் பச்சைதான்.

குழாய் கழன்ற அன்று தனம் அரை டம்ளர் டீ கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில் கை மேலே போனது. "யோவ்!" என்று அவள் போட்ட அதட்டலில் இறங்கியது. வாய் வைத்து, குனிந்து, மூன்று மடக்கு குடித்தார். இருமல் வரவில்லை. சந்தோஷத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "எச்சில் பண்ட்டேன், கழுவி வெய்" என்றார்.

தனம் கழுவவில்லை. மீதி டீயை அதே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தாள்.