வில்லை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்

இரவுப் பள்ளி நண்பர்களே, சுவரில் ஒட்டும் இந்தத் தாளில் எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

அடையாற்றில் நான் காவல் காக்கும் மைதானத்தில் சாந்தோமிலிருந்து வரும் டீச்சரம்மா ஒருவர் பிள்ளைகளுக்கு வில் பழக்குகிறார். எனக்கும் ஒரு தரம் கொடுங்கள் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலை சம்மதித்தார்.

"மூணு அம்பு தரேன் பெரியவரே. கால் நகராம ஒண்ணு விட்டா, இனிமே ஞாயித்துக்கிழமை எங்களோட நின்னு பழகலாம்" என்றார்.

முதல் தடவை நாண் விரலிலிருந்து நழுவி அம்பு காலடியில் விழுந்தது. இரண்டாம் தடவை நாணை இழுத்தபடியே நான்கு அடி பின்னால் நடந்துவிட்டேன். நாற்பது வருடம் மணலில் பின்னால் நடந்தே கரைவலை இழுத்த உடம்பு.

மைதானத்துத் தோட்டக்காரர் சிரித்தார். "இன்னா நைனா, மீனு மாட்டிக்கினுச்சா?"

"கையை மறந்துடுங்க. முதுகுல ரெண்டு தோள்பட்டை எலும்பும் கிட்ட வரணும்" என்றார் டீச்சரம்மா.

அப்படியே செய்தேன். கால் நகரவில்லை. அம்பு வேலியில் போய்க் குத்தியது.

"ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டு எலும்புக்கும் நடுவில் வலி தாங்கவில்லை. எண்ணெய் தேய்க்க என் கை அங்கே எட்டவில்லை. உங்களில் தனியாக இருப்பவர்கள் அந்த இடத்துக்கு என்ன செய்கிறீர்கள்? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.