மழை நாளின் புள்ளி

துறையில் எல்லோரும் அவளை 'வெடி' என்றுதான் கூப்பிட்டார்கள். வெடிமருந்துப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். எதையும் மனதில் பூட்டிவைக்கத் தெரியாதவளும்கூட.

கல்குவாரியில் வெடி வைக்கும் அவளுடைய அண்ணன் ஒருநாள் கைதவறிப் போட்ட வெடி, அவன் விரல்கள் இரண்டைக் கொண்டுபோனது. கீழே விழுந்தால் வெடிக்காத, பற்றவைத்தால் மட்டுமே வெடிக்கிற மருந்தைச் செய்தே தீருவது என்று அவள் கிளம்பியது அதற்குப் பிறகுதான். நான்கு வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, கடுகளவு மருந்தின்மேல் எடையை விழவைத்து, எந்த உயரத்தில் வெடிக்கிறது என்று நோட்டில் குறித்துவந்தாள்.

உதவித்தொகை முடியும் தறுவாயில் புது நிதி கேட்டுத் திட்டம் எழுதினாள். 'அனுபவம் போதாது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர்தான் தேற்றினார். "விடும்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ஆறு வாரம் கழித்து அலுவலக கிளார்க் ஒரு கோப்பை நீட்டினார். "சாருக்குப் புது நிதி வந்திருக்கு. கருவிங்க பட்டியலைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க."

புரட்டினாள். தலைப்பு வேறு; பெயர் பேராசிரியருடையது. ஆனால் மூன்றாம் பக்க வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டிலிருந்து விலகி நின்றது. அடைமழையில் மருந்து ஈரம் வாங்கிய அன்று அவள் எடுத்த அளவு. அவளுடைய நோட்டிலும் திட்டத்திலும் தவிர வேறெங்கும் இல்லாத புள்ளி.

உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. கதவைத் தட்டாமலே அவர் அறைக்குள் போனாள்.

"இது என்னோடது சார்."

"லேப்ல நடக்கிறது லேப்புக்குத்தாம்மா சொந்தம். நீ எனக்குப் பொண்ணு மாதிரி."

"எங்கப்பா எங்கிட்ட திருடமாட்டார் சார்."

அவர் முகம் கறுத்தது. அன்றே அவள் தேதி போட்ட நோட்டுகளின் நகலோடு துறைத்தலைவரிடம் புகார் கொடுத்தாள்.

"பட்டம் வேணுமா, சண்டை வேணுமா?" என்றார் துறைத்தலைவர்.

"ரெண்டும் வேணும்."

விசாரணை எட்டு மாதம் இழுத்தது. சக மாணவர்கள் கண்ணில் பட்டும் படாமலும் நழுவினார்கள். உதவித்தொகை நின்றுபோக, டியூஷன் எடுத்துத்தான் வாடகை கட்டினாள். முடிவில் நிதி அவள் பெயருக்கு மாறியது. வேறொரு வழிகாட்டியும் கிடைத்தார். பழையவருக்கு? ஒரு எச்சரிக்கைக் கடிதம். நாற்காலி அப்படியே இருந்தது.

உத்தரவு வந்த காலையில் அந்த மனிதர் நடைபாதையில் எதிரே வந்தார். "வாழ்த்துகள்ம்மா," என்று சிரித்தார், ஒன்றுமே நடக்காதது போல.

"அந்தச் சிரிப்பை நீங்களே வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

லேப்பைத் திறந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கும் கையோடு வெடிமருந்தைத் தொடக்கூடாது. பல்லைக் கடித்தபடி வெறும் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.