நல்ல தண்ணி

எழுதிவைக்காத எதையும் ஆம்ப்ரோஸ் நம்பமாட்டார். நந்தனத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷமாக உதவியாளர். எத்தனை தவளை வந்தது, எந்த ஜாடிக்கு ஃபார்மலின் மாற்றியது என்பதெல்லாம் அன்றன்றைக்கு நோட்டில் ஏறிவிடும். சாந்தோமில் வீடு. மனைவி பியாட்ரிஸ் பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. கணவரின் நோட்டில் எழுத்துப்பிழை திருத்துவதற்குச் சிவப்புப் பேனா ஒன்றைத் தனியாகவே வைத்திருந்தார். பிழை எழுத்தில் மட்டும்தான் இருக்கும் என்பது இருவருடைய நம்பிக்கையும்கூட.

ஆய்வுக்கூடத்துக்கு வருகிற உயிர்கள் செத்து வரும், அல்லது சாக வரும். ஆம்ப்ரோஸ் உயிரோடு வைத்துப் பார்த்துக்கொண்டது மயிலாப்பூரில்தான். கப்பல் கம்பெனி அதிகாரி ஸ்ரீரங்கன் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் கடல் தண்ணீர், பதினோரு மீன்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடியை வெட்டி ஒட்டியதே ஆம்ப்ரோஸ்தான். கல்லூரி விட்டதும் தினம் அங்கே ஆஜர். சைவ வீடு என்பதால் இறாலைத் தன் வீட்டிலேயே உரித்து, பொடியாக நறுக்கி, டிபன் டப்பாவில் கொண்டுவருவார். ஸ்ரீரங்கனின் மனைவி விஜயலக்ஷ்மி மாமி அந்த டப்பா திறக்கும் முன் உள்ளே போய்விடுவார், மூடிய பிறகுதான் வெளியே வருவார். தொட்டியில் என்ன தண்ணீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தொட்டியில் மூத்தது ஒரு ஏஞ்சல் மீன். செம்பு நிற உடம்பில் நீலக் கோடுகள் வளைந்து ஓடும். ஆம்ப்ரோஸ் கையால் தவிர வேறு யார் போட்டாலும் சாப்பிடாது, மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். விரல் நீளத்தில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் பையில் வந்த மீன் இப்போது சாப்பாட்டுத் தட்டளவு இருந்தது. தன் இரண்டு பெண்களுக்கும் சமமாக அதன் மேல் பாசம் என்று ஆம்ப்ரோஸ் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் தொட்டியின் கீழ்மூலையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒட்டு விடுகிறது என்று ஆம்ப்ரோஸுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாரம் யாருக்கும் சொல்லாமல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பயம்தான், வேறென்ன. எட்டாம் நாள் கூடத்தில் மாமியின் கால் ஈரத்தில் வழுக்கியது.

"ஒண்ணு சரிபண்ணுங்கோ, இல்லேன்னா எடுத்துடுங்கோ. ஊரே ஜலம் இல்லாம அல்லாடிண்டிருக்கு, நம்மாத்துல மட்டும் தரையெல்லாம் ஜலம்" என்றார் மாமி.

ஸ்ரீரங்கன் ஆம்ப்ரோஸைத் தனியே கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாம முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார்" என்று சொல்லிவிட்டு வந்த ஆம்ப்ரோஸுக்கு அன்று கண்ணை மூடினால் மீன்தான் தெரிந்தது. அந்த வயசில் அப்படி ஒரு மீனைத் தொட்டியிலிருந்து எடுப்பதே ஆபத்து. எடுத்து மூன்று நாள் வெளியே வைத்திருந்து, மறுபடி உயிரோடு உள்ளே விடவேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் 'தொட்டி மராமத்து' என்று எழுதினார். ஐந்து வாரம் திட்டம் போட்டார். பழைய பசையைச் சுரண்டப் பிளேடு எத்தனை, புதுப் பசை காய எத்தனை மணி, மணலை எத்தனை முறை அலசுவது, கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்றுக்கு என்ன வழி, எல்லாம் ஏறியது. வலையில் பிடித்தால் மாப்பிள்ளையின் கன்னத்து முள் சிக்கிக் கிழியும், ஆகவே அகலமான கண்ணாடி ஜாடியால் மொண்டு எடுக்கவேண்டும் என்று இரண்டு முறை அடிக்கோடிட்டார். மீன்களுக்குப் பின்கட்டில் நீலப் பிளாஸ்டிக் தொட்டி. தகரக் கூரை, ஏப்ரல் வெயில். உச்சிப்பொழுதில் தண்ணீர் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நாலு பக்கெட் எடுத்துவிட்டு நாலு பக்கெட் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியாகவேண்டும். மற்ற வேலைகளெல்லாம் அவருடையவை. அந்த ஒன்றை மட்டும் வீட்டில்தான் யாராவது செய்யவேண்டும், ஏனென்றால் கல்லூரியில் செய்முறைத் தேர்வு.

கடல் தண்ணீரைத் திருவான்மியூர்க் குப்பத்து மீனவர் பொன்னுரங்கம் கொண்டுவந்தார். கரையோரத் தண்ணீர் ஆகாது, கட்டுமரத்தில் அலை தாண்டிப் போய் மொள்ளவேண்டும்.

"இன்னா நைனா, ஊர் சனமெல்லாம் கொடத்த தூக்கிக்கினு லாரி பின்னாடி ஓடிக்கினு கீது, நீ கடல் தண்ணிய தேடிக்கினு கீற" என்று சிரித்துக்கொண்டே ஐந்து டிரம்களை டெம்போவிலிருந்து இறக்கினார்.

கடலிலிருந்து வந்தவுடன் அந்தத் தண்ணீர் உதவாது. பத்து நாள் இருட்டில் தெளியவைத்து, துணியில் வடிகட்டவேண்டும். வந்தபடி இருப்பதற்கு ஆய்வுக்கூடத்தில் 'பச்சைத் தண்ணி' என்றும், தெளிந்து மீனுக்கு ஆகும் பக்குவம் வந்ததற்கு 'நல்ல தண்ணி' என்றும் பேர். முப்பத்து நான்கு வருஷமாக ஆம்ப்ரோஸ் வாயில் அப்படித்தான் வரும். கூடவே நின்று நின்று ஸ்ரீரங்கனுக்கும் அந்தப் பேச்சு பழகிப்போயிருந்தது.

நாலு டிரம் பெரிய தொட்டிக்கு, ஐந்தாவது பின்கட்டில் ஈரச் சாக்கு சுற்றி, மீன்களுக்கு. தூசி விழும், டிரம் மூடியை யாரும் திறக்கக்கூடாது என்று எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள் நோட்டை மாமியிடம் கொடுத்தார். திங்கட்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கன் லீவு போட்டுவிட்டார், செவ்வாயும் புதனும் மாமிதான்.

"என்ன ஜலம்னு சரியா சொல்லிடுங்கோ. நல்ல ஜலம்தானே?"

"நல்ல தண்ணிதான் மாமி. உப்புத் தண்ணியக் கிட்டவே கொண்டுபோவாதீங்க. அதுல இரும்பு கெடக்கு, ஒடனே செத்துடும்." தெருவில் பாதிப் பேர் வீட்டில் ஓடுகிற ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் சொன்னார்.

"நாலு பக்கெட்டா?" மாமி கொஞ்சம் தயங்கினார்.

"கொறைக்காதீங்க மாமி. நாலுன்னா நாலு."

"சரி" என்றார் மாமி. அந்தத் தயக்கம் ஏன் என்று கேட்க ஆம்ப்ரோஸுக்குத் தோன்றவில்லை. அவருக்கு அப்போது மாப்பிள்ளையின் கன்னத்து முள்தான் கவலை.

திங்கட்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. ஜாடி மூன்று முறை தவறி, நாலாவது முறை மாப்பிள்ளை உள்ளே வந்தது. அதைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பதினைந்து தப்படியில் ஆம்ப்ரோஸ் மூச்சே விடவில்லை. பெரிய தொட்டி காலியாகி, மூலை சுரண்டி, ஒன்பது மணிக்குள் புதுப் பசையும் பூசியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீரங்கன் டிரம்மிலிருந்து நாலு பக்கெட் மொண்டு மாற்றினார். மாமி அப்போது வீட்டில் இல்லை, லாரி வந்த சத்தம் கேட்டுத் தெருமுனைக்கு ஓடியிருந்தார். சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வந்து பார்த்தபோது மாப்பிள்ளை அவர் கையிலிருந்து ஒரு துண்டு இறால் வாங்கித் தின்றது. அவர் நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாவகாசமான மனிதர். ஒவ்வொரு மாணவனிடமும் ஊர்க்கதையெல்லாம் கேட்டார். பன்னிரண்டு அடித்தபோது ஆம்ப்ரோஸ் மாணவர்கள் கரப்பான் அறுத்த தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்நேரம் ஊற்றியிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூன்று மணிக்கு டி.வி.எஸ்-ஐ உதைத்துக் கிளப்பி மயிலாப்பூர் வந்து சேர்ந்தார்.

மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "டாண்ணு பன்னண்டுக்கு ஊத்திட்டேன். ஒரு சொட்டு குறைக்கலை" என்றார். முகத்தில் ஒரு திருப்தி.

பின்கட்டில் கால் வைத்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை. சின்ன மீன்களெல்லாம் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மாப்பிள்ளை தொட்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. ஆம்ப்ரோஸ் டிரம் மூடியைத் திறந்தார். நேற்று சாயங்காலம் பார்த்த மட்டத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. உப்பு அளக்கும் கண்ணாடிக் குழலைத் தொட்டியில் விட்டார். உப்பு இருக்கவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நின்றது.

"மாமி, எந்தத் தண்ணி ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

"நல்ல ஜலம்தான். லாரி ஜலம். ஆத்துல இருந்ததே அஞ்சு பக்கெட்தான், நாலை ஊத்திட்டேன். ஏன், போறலையா?"

மெட்ராஸில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி, உப்புத் தண்ணி என்றால் குடிக்க ஆகாத தண்ணி. ஆம்ப்ரோஸும் மெட்ராஸில் பிறந்தவர்தான். ஐந்து வாரம் திட்டம் போட்டதில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. மாமி மேல் கிளம்பிய கோபம் பாதி வழியில் திரும்பி அவரையே வந்து தாக்கியது.

நிற்க நேரமில்லை. கச்சேரி ரோட்டில் இனாயத்தின் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடினார். படம் கழுவுகிற ஹைப்போ உப்பு குளோரினை முறிக்கும்.

"யாரு போட்டோண்ணே, இந்த வெயில்ல?" என்றார் இனாயத்.

"மீனுக்குப்பா. ஒரு கைப்பிடி குடு, சீக்கிரம்."

இனாயத் அவர் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பேப்பரில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

ஹைப்போ கரைத்துவிட்டதும் வாடை அடங்கியது. அடுத்தது உப்பு. டிரம்மிலிருந்து ஒரேயடியாக ஊற்றிவிடக் கை பரபரத்தது. ஆனால் உப்பு சட்டென்று ஏறினால் மிச்ச உயிரும் போய்விடும். ஒரு டம்ளர் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டம்ளர், அப்படித்தான் ஏற்றவேண்டும். மாமி டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க அதைப் பாருங்கோ. நான் ஊத்தறேன்."

இறால் டப்பாவைக் கண்டால் உள்ளே போய்விடுகிற மனுஷி, இரண்டு மணி நேரம் அந்தத் தொட்டி ஓரத்தில் குந்தியிருந்து, முழங்கை நனைய டம்ளர் டம்ளராக ஊற்றினார். ஆம்ப்ரோஸ் மாப்பிள்ளையை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, செவுளில் தண்ணீர் ஓடும்படி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. அவர் கையில் இருந்ததன் செவுள் மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்து, ஐந்தே முக்காலுக்கு நின்றது. நின்ற பிறகும் அவர் நகர்த்திக்கொண்டுதான் இருந்தார்.

"போறும், ஆம்ப்ரோஸ்" என்றார் மாமி.

ஸ்ரீரங்கன் ஆறு மணிக்கு வந்தார். ஈரத் துணியில் கிடந்ததைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே விட்டார்.

மாமி முந்திக்கொண்டார். "நான்தான் பண்ணினேன். லாரி ஜலத்தை ஊத்திட்டேன்."

"உனக்கு இது ஆத்துல இருக்கறதே பிடிக்கலையே" என்றார் ஸ்ரீரங்கன். சத்தம் போடவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். "பகல் பன்னிரண்டு மணி, நல்ல தண்ணி நாலு பக்கெட். சரியாத்தானே எழுதியிருக்கார்? படிக்கத் தெரியாதா?"

மாமி தலையைக் குனிந்துகொண்டார். ஆம்ப்ரோஸ் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நோட்டில் பிழையில்லை என்று வீட்டு எஜமானரே சொல்லிவிட்டார். முப்பத்து நான்கு வருஷப் பேர் அப்படியே நின்றிருக்கும். ஒரு நிமிஷம் அவர் பேசாமல்தான் இருந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

"சார், அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் சரி" என்றார். "ஊர்ல எல்லாரும் எப்படிப் படிப்பாங்களோ அப்படித்தான் மாமி படிச்சாங்க. கடல் தண்ணின்னு எழுத எனக்குத் தோணலை. உப்புத் தண்ணி கூடாதுன்னு வாயாலயும் சொன்னேன். அவங்க கேட்டப்பக்கூட நல்ல தண்ணிதான்னு சொன்னேன். குடிக்கிறதுக்கு வச்சிருந்ததைத் தூக்கி ஊத்தியிருக்காங்க சார். இனிமே உங்களுக்கு வீட்ல ஒரு பக்கெட்தான் பாக்கி. மாப்பிள்ளையைக் கொன்னது நான்தான்."

ஸ்ரீரங்கன் நோட்டை மூடினார். பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். தன் மனைவியின் நனைந்த புடவையை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நாளைக்கு எனக்கு லீவு கிடையாது" என்றார் கடைசியில்.

இனி வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று ஆம்ப்ரோஸ் காத்திருந்தார். தொட்டியில் பத்து மீன் இன்னும் இருந்தன.

மாமி எழுந்து முந்தானையால் கையைத் துடைத்தார். "மத்தியானம் நானே ஊத்தறேன். எதுன்னு எழுத வேண்டாம், தொட்டுக் காட்டுங்கோ."

ஆம்ப்ரோஸ் டிரம் மூடியைத் திறந்தார். மாமி ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். முகம் அஷ்டகோணலாகியது.

"இதையா நல்ல ஜலம்ங்கறேள்?"

"ஆமாம் மாமி" என்றார் ஆம்ப்ரோஸ். அதற்கு மேல் பேசமுடியாமல், டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.