கோணிப்போன சாமந்தி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் நெரிசலான பேருந்தில்தான் இதை எழுதுகிறவன் ஆரோக்கியசெல்வியை முதலில் பார்த்தான். அவர் கையில் சாமந்தி நாற்றுத் தட்டு இருந்தது. "தம்பி, இத்த கொஞ்சம் சாயாம புடி. மாதா தேருக்குப் பூக்கிற செடி. சாஞ்சா உன்னத்தான் கேப்பா" என்று அவன் கல்லூரிப் பையின் மேலேயே வைத்துவிட்டார்.

செல்வி திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்ப்பவர். ஊர் பெருமுக்கல் பக்கம். அங்கே மாதா கோயிலை ஒட்டிய சின்னத் தோட்டம் அவர் பொறுப்பு. செப்டம்பர் திருவிழாவில் அந்தத் தோட்டத்துப் பூதான் தேருக்கு ஏறும், கடைப்பூ ஏறாது. அதனால் ஆவணி பிறந்தாலே அவர் தினமும் பாத்தி பாத்தியாகப் பார்ப்பார். சவலைச் செடி, கோணல் செடி ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். பிடுங்கி வேலிக்கு வெளியே எறிவார். கொழுந்தன் சேரனையும் அப்படித்தான் எறிந்திருந்தார். போன வருடம் குடித்துவிட்டுப் பாத்தியில் விழுந்தவனை, இனி உள்ளே காலெடுத்து வைக்காதே என்று விரட்டிவிட்டார்.

இந்த வருடம் கொடியேற்றம் நெருங்கும்போது மொட்டெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. வேப்பெண்ணெய் அடிக்க மருந்து மிஷின் வேண்டும். கூலிக்கு மருந்தடிக்கிற சேரனிடம்தான் அது இருந்தது. வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு திரும்பினார். அவன் பின்னாலிருந்து ஏதோ சொன்னான். சாராய வாடை அடித்ததால் அவர் நிற்கவில்லை.

சில நாளில் கொழுந்துகள் முறுக்கிக்கொண்டன. காம்புகள் கண்டபடி வளைந்தன. விரட்டியதற்குச் சேரன் பழிவாங்கிவிட்டான் என்றே செல்வி நினைத்தார். நேரே சேரன் வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கேட்கக் கத்தினார்.

"மாதா பூவுல கைய வச்சிட்டியேடா, பாவி!"

"நான் அந்தப் பக்கமே வர்ல அண்ணி."

"ஆமா, மாதாவே வந்து முறுக்கிட்டுப் போனாங்க" என்றார் எதிர்வீட்டுச் சவுரியம்மாள். தெரு சிரித்தது.

அன்று மாலையே, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சொல்லிவிட்டார்: சேரன் இந்த வருடம் தேர் தூக்கத் தோள் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் அவன் மிஷினைக் கேட்டு வந்தான். வாடை இல்லை. கண் தெளிந்திருந்தது. டேங்கைத் திறந்து மோந்து பார்த்தான்.

"கழுவிட்டுத்தான அடிச்ச?"

"வேப்பெண்ணெய் ஊத்தத்தான் போறேன், எதுக்குக் கழுவணும்?"

"கரும்புக்குக் களைக்கொல்லி அடிச்ச மிஷின் அண்ணி. நல்லா அலசிக்கோன்னு பின்னாடியே கத்துனேனே."

செல்வி டேங்கை இழுத்துத் தானும் மோந்து பார்த்தார். "நேத்தே சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா நம்பியிருப்பியா? தேர் இறங்குற வரைக்கும் சாராயத்தத் தொடமாட்டேன்னு நேந்துக்கினு கீறேன். இப்ப தோளும் வேணாம்னுட்டாங்க. எதப் புடிச்சிக்கினு நிக்கிறது?"

அவன் போனபின் செல்வி தோட்டத்தில் உட்கார்ந்தார். இன்று சொல்லாவிட்டால் அவன் சாராயக் கடைக்குப் போய்விடுவான். சொன்னால் தோட்டத்துச் சாவி போய்விடும். 'மாதா பூவைக் கெடுத்தவள்' என்ற பேர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். பழக்கதோஷத்தில் கை ஒரு கோணல் செடியைப் பற்றியது. வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வளைந்த காம்பின் நுனியில் மொட்டு மேல்நோக்கித் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. கெடுத்தது அவர் கை. செடி மட்டும் பூக்கிற வேலையை நிறுத்தவில்லை. கோணலை எல்லாம் பிடுங்குவதென்றால் முதலில் பிடுங்கவேண்டியது தன்னையல்லவா என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டார்.

அன்று மாலை கோயிலில் ஜெபமாலை முடிந்து எல்லோரும் எழும்போது அவர் முன்னால் வந்து நின்றார்.

"பூவக் கெடுத்தது நான். சேரன் சொன்னத காதுல வாங்காம, மிஷினக் கழுவாம அடிச்சிட்டேன். அவன் தோள வாணாம்னு சொல்லாதீங்க."

சவுரியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தேருக்கு இப்ப இன்னாம்மா பண்றது?" என்றார் உபதேசியார்.

"பூ பூக்கும். கோணலாத்தான் பூக்கும்."

தேர் அந்தப் பூவோடுதான் போனது. காம்பு வளைந்த சாமந்தியைச் சரம் கட்ட முடியாமல் பெண்கள் கொத்துக் கொத்தாகச் செருகினார்கள். முன்தோள் சேரனுடையது.

திருவிழா முடிந்த வாரமே அவன் மறுபடி குடித்தான். இப்போதும் குடிக்கிறான், விடுகிறான், குடிக்கிறான். விட்ட நாட்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வருகிறான். செல்வி கதவைத் திறந்துவிடுகிறார். சாவி இப்போது உபதேசியார் வீட்டில் இருக்கிறது. வேண்டும்போது போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறார். காலைப் பேருந்தில் திண்டிவனம் போய் மருத்துவமனையில் அதே வேலையைப் பார்க்கிறார்.